பட்டினி போட்ட ஃபிலிம்

பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கத்தான் அன்னைக்குப் போனேன். பேங்க்ல கேஒய்சிக்கு ரெண்டு போட்டோ கேட்டாங்க, பாளையங்கோட்டைல எங்க தெருமுக்கு ஸ்டுடியோவுக்குள்ள நுழைஞ்சேன், ஒம்பதாங்கிளாஸ் பஸ் பாஸுக்கு எடுத்ததும் அங்கதான், அதே ஸ்டூல், பின்னாடி தொங்குற துணி மட்டும் நீலத்துல இருந்து வெள்ளைக்கு மாறியிருந்துச்சு. அண்ணாச்சி ரெண்டு தட்டு தட்டிட்டு கம்ப்யூட்டர்ல என் தோளை நேராக்கிட்டு இருந்தாரு, நான் சும்மா அலமாரியைப் பாத்துட்டு நின்னேன். மேல் தட்டுல, ஏதோ ஒரு ஆயுத பூஜைக்கு வச்ச சந்தனம் குங்குமம் அப்படியே காஞ்சு ஒட்டிப்போய், ரெண்டு கண்ணோட ஒரு கறுப்புப் பெட்டி. யாஷிகா மேட் 124ஜி.

"அது ஓடுமா அண்ணாச்சி?"

"ஓடும். ஓடி என்ன செய்ய?"

இந்த மாதிரி கதைல ஸ்டுடியோக்காரர் கண்ணு கலங்கி, அந்தக் காலம் மாதிரி வருமாம்மான்னு சொல்லணும்ல, எங்க அண்ணாச்சி அந்த ரகம் கிடையாது. "கல்யாண வீட்டுக்கு இதைக் கழுத்துல மாட்டிட்டுப் போய் பன்னெண்டு பன்னெண்டா எண்ணி எடுத்தவன் நான். பன்னெண்டாவது முடிஞ்சு ரோல் மாத்திட்டு இருக்கும்போது மாப்ள தாலி கட்டிட்டான்னா என்ன செய்வே சொல்லு? அந்தக் கனவு இப்பயும் வருது எனக்கு. டிஜிட்டல் வாங்குன அன்னைக்கு வீட்டுக்கு ஒரு கிலோ அல்வா வாங்கிட்டுப் போனேன்"னாரு. நாலாயிரம் ரூபாய்க்குக் குடுத்தாரு, ஒரே ஒரு கண்டிஷன்: "ஃபிலிம்ல ஒரு ஆத்மா இருக்கு அண்ணாச்சின்னு மட்டும் எங்கிட்ட வந்து சொல்லிறாத. போன வருஷம் ஒரு பையன் வந்து சொல்லிட்டுப் போனான், ரெண்டு நாளு மனசு சரியில்ல."

கையில வாங்கினா செங்கல் மாதிரி இருக்கு, ஒரு கிலோவுக்கு மேல வரும். பொம்பளப் புள்ளைக்கு இந்த வெயிட்டு எதுக்குன்னு வேற கேட்டாரு. எனக்கு வந்துச்சே கோவம், ஹோமாய் வியாரவல்லான்னு ஒருத்தங்க, 1913-ல குஜராத்ல பொறந்தவங்க, நம்ம நாட்டோட முதல் பெண் பத்திரிகை போட்டோகிராஃபர், இதே ரகத்துல ரோலிஃப்ளெக்ஸ்னு ஜெர்மன் கேமரா, அதைத் தூக்கிட்டு சேலையோட டெல்லி பூரா அலைஞ்சு நேருவை எடுத்தவங்கன்னு ஒரு பெரிய லெக்சர் குடுத்தேன். பொறுமையா கேட்டுட்டு, "அவங்க சம்பளம் வாங்கிட்டுத் தூக்குனாங்கம்மா"ன்னு சொல்லிட்டு போட்டோவைக் கவர்ல போட்டுக் குடுத்துட்டாரு.

தெரியாதவங்களுக்காக. இது ட்வின் லென்ஸ் ரிஃப்ளெக்ஸ், மேல ஒரு லென்ஸ், கீழ ஒரு லென்ஸ். மேல இருக்கிறது நாம பாக்க, கீழ இருக்கிறது ஃபிலிம் பாக்க. இந்த வடிவத்தை உலகம் பூரா பரப்புனது அந்த ரோலிஃப்ளெக்ஸ்தான், 1929-ல வந்துச்சு. அது வித்த விலைல நம்ம ஊர் ஸ்டுடியோக்காரங்க அதை நெனச்சுக்கூடப் பாக்க முடியல, அதனால ஜப்பான்காரன் அதே அச்சுல செஞ்ச யாஷிகாதான் இங்க சோறு போட்டுச்சு. என்கிட்ட இருக்கிற மாடல் 1970-ல வந்தது. பேர்ல இருக்கிற 12-ம் 24-ம் படக் கணக்கு, 120 ரோல் போட்டா பன்னெண்டு சதுரப் படம், 220 ரோல்னா இருபத்துநாலு. நமக்குப் பன்னெண்டுதான். ஒரு ரோல் இல்ஃபோர்டு ஹெச்பி5 கறுப்பு-வெள்ளை ஃபிலிம் நான் வாங்கினப்போ எழுநூத்துச் சொச்சம், அப்போ ஒரு தட்டு தட்டினா அறுபது ரூபாய்க்கு மேல, கழுவுற செலவு தனி. என் தம்பி கேட்டான், "ஒரு பிரியாணி விலைக்கு ரெண்டு போட்டோவா?"

பாக்கிற முறையே வேற. கண்ணுல வச்சுப் பாக்கக் கூடாது, வயித்துக்கிட்ட பிடிச்சுக்கிட்டு மேல இருந்து குனிஞ்சு பாக்கணும். மூடியைத் திறந்தா நாலு பக்கமும் தகடு எந்திரிச்சு ஒரு சின்ன கூண்டு ஆகும், அதுக்குள்ள கிணத்துல தண்ணி தெரியிற மாதிரி ஒரு சதுரத்துல தெரு மினுங்கும். அதைப் பாத்த முதல் நிமிஷம் நான் பேசவே இல்லைங்கிறது உண்மைதான். அடுத்த நிமிஷம்தான் தெரிஞ்சுது, எல்லாம் இடவலம் மாறி இருக்கு. லென்ஸுக்குப் பின்னாடி ஒரே ஒரு கண்ணாடிதான் சாய்ச்சு வச்சிருக்கான், அது தலைகீழா விழுறதை நேராக்கிரும், இடவலத்தைச் சரி பண்ணாது. வலது பக்கம் இருந்து வர்ற ஆட்டோ கண்ணாடில இடது பக்கம் இருந்து வருது. எதிர்வீட்டுப் பூனை மதில் மேல நடந்துச்சு, ஓரத்துக்குப் போகுதேன்னு நான் கேமராவைத் திருப்ப, பூனை இன்னும் வேகமா ஓரத்துக்குப் போகுது, இன்னும் திருப்புறேன், பூனையையே காணோம், நிமிர்ந்து பாத்தா அது அப்படியே உக்காந்து என்னைத்தான் பாத்துட்டு இருக்கு. கை பழகறதுக்கு ரெண்டு வாரம் ஆச்சு, மண்டை இன்னும் பழகல.

ரோல் மாட்டுறதுக்கு வருவோம். 120-ல டப்பா கிடையாது, ஸ்பூல்ல ஃபிலிமும் அதுக்குப் பின்னாடி ஒரு பேப்பரும் சேத்துச் சுத்தியிருக்கும், அவ்ளோதான். புது ரோல் கீழ, காலி ஸ்பூல் மேல. பேப்பரோட நுனியை மேல் ஸ்பூல் பொளவுல சொருகி மெதுவா சுத்தினா பேப்பர்ல ஒரு அம்பு வரும், அதைக் கேமராவுக்குள்ள இருக்கிற குறிக்கு நேரா நிறுத்தி மூடி, வலது பக்கக் கைப்பிடியைச் சுத்தணும், 1 வந்ததும் தானா நிக்கும். கைப்பிடியைத் திருப்பி பழைய இடத்துக்கே கொண்டு வரணும், இல்லன்னா வேலை பாதில நிக்குது. இந்த முன்னாடி-பின்னாடி இருக்கே, கிர்ர்ர்... கிரிக், எனக்கு அந்த கேமராவுல ரொம்பப் பிடிச்சதே இந்தச் சத்தம்தான். ஷட்டர் சத்தம் ஒண்ணும் இருக்காது, சுண்டுவிரலை மடக்கி நெட்டி முறிச்ச மாதிரி ஒரு 'டிக்'.

முதல் ரோல். பாலத்துல இருந்து தாமிரபரணி, சந்தைல வாழைத்தார், திண்ணைல அம்மா, இப்படி பன்னெண்டு. உள்ள லைட் மீட்டர் இருக்கு, மூடியைத் திறந்தாலே வேலை செய்யும், மேல ஒரு ஊசி ஆடும், லென்ஸ் ரெண்டு பக்கமும் இருக்கிற சக்கரத்தைத் திருப்பி ஊசியோட ஊசியைச் சேத்தா சரியான அளவு. சேத்தேன், பன்னெண்டு தடவையும் பயபக்தியோட சேத்தேன். கூரியர்ல சென்னைக்கு ஒரு லேபுக்கு அனுப்பினேன், மூணு வாரம் கழிச்சு ஸ்கேன் வந்துச்சு, எல்லாம் சாம்பல் பூசின மாதிரி, இருட்டான இடமெல்லாம் சேறு. பின்னாடியே நெகட்டிவ் வந்துச்சு, அதுலயும் ஏழாவது படத்தை நட்ட நடுவுல கத்தரிச்சு அனுப்பியிருந்தாங்க, அம்மா ஒரு துண்டுல பாதி இன்னொரு துண்டுல பாதி. அதைப் பத்திப் பேச ஆரம்பிச்சா இந்தக் கட்டுரை வேற எங்கயோ போயிரும், விடுங்க.

நெகட்டிவைத் தூக்கிட்டு அண்ணாச்சிகிட்ட போனேன். ஸ்கேனைக் காட்டினேன், பாக்கவே இல்ல. நெகட்டிவை ரெண்டு விரல்ல ஓரத்தைப் பிடிச்சு ட்யூப்லைட்டுக்கு நேரா தூக்கினாரு. ஒரு செகண்ட்தான் பாத்திருப்பாரு.

"ஃபிலிமைப் பட்டினி போட்ருக்கியேம்மா."

அதாவது நெகட்டிவ்ல வெளிச்சம் பட்ட இடம் கறுக்கும், படாத இடம் கண்ணாடி மாதிரி காலியா நிக்கும். என் நெகட்டிவ்ல முக்காவாசி காலி. அம்மாவோட தலைமுடி, சேலை மடிப்பு, திண்ணைக்கு அடில இருக்கிற இருட்டு, எதுவுமே பதியல, அங்க ஃபிலிம் வழியா ட்யூப்லைட்டே தெரிஞ்சுது. லேப்காரங்க ஸ்கேன்ல இழுத்துப் பிடிச்சு வெளிச்சம் ஏத்தி அனுப்பியிருக்காங்க, அதான் சாம்பல். "பட்டினி போட்டா நீ என்ன வித்தை காட்டினாலும் வராது, இல்லாததை எங்க இருந்து எடுப்ப? ரெண்டு வாய் கூடப் போட்டாகூட தாங்கிக்கிடும்"னாரு. இது அப்படியே டிஜிட்டலுக்கு நேரெதிர், அதுல வெளிச்சம் கூடிப்போச்சுன்னா வெள்ளை வெந்து போயிரும், இருட்டைத்தான் பின்னாடி தோண்டி எடுக்கலாம். பத்து வருஷமா ஃபோன்ல எடுத்துப் பழகின புத்தி எனக்கு, வானம் வெந்துரக்கூடாது வானம் வெந்துரக்கூடாதுன்னே யோசிச்சிருக்கேன்.

ஆனா மீட்டர் சொன்னபடிதானே வச்சேன்? கேமராவைப் பொரட்டி பேட்டரி மூடியைத் திறந்து பாத்துட்டுச் சிரிச்சாரு. அந்த மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்குன்னு செஞ்சது. பாதரசம் மண்ணுக்கும் தண்ணிக்கும் ஆகாதுன்னு அந்த பேட்டரியை நிறுத்தி எவ்வளவோ காலம் ஆச்சு. நான் போட்டிருந்தது அதே சைஸ் ஆல்கலைன், 1.5 வோல்ட். அழுத்தம் கூடினதும் ஊசி கொஞ்சம் அதிகமாவே துள்ளும், ஆஹா எம்புட்டு வெளிச்சம்னு அதுக்கு நெனப்பு, அது பேச்சைக் கேட்டு நான் லென்ஸுக்குள்ள வெளிச்சம் போற ஓட்டையைச் சின்னதாக்கிட்டே போயிருக்கேன். கூடவே அம்பது வயசாகப் போற மீட்டர், அதுக்கும் வெள்ளெழுத்து இருக்கும்ல. காது மெஷினுக்குப் போடுற ஜிங்க் ஏர் பேட்டரி இதுக்குக் கிட்டத்தட்ட வோல்ட் பொருந்தும்னு பின்னாடி தெரிஞ்சுக்கிட்டேன். அதுக்குள்ள அண்ணாச்சி பேட்டரியைக் கழட்டி மேஜை டிராயர்ல போட்டுட்டாரு. "இது இருக்க வரைக்கும் நீ வெளிச்சத்தைப் பாக்க மாட்ட, ஊசியத்தான் பாப்ப."

கடை வாசலுக்குக் கூட்டிட்டு வந்தாரு. காலைல பதினோரு மணி, வெயில் சுள்ளுன்னு அடிக்குது. "லைட்டை மேல பாக்காத, கீழ பாரு. உன் நெழல் எப்படி இருக்கு?"

"இருக்கு."

"இருக்குன்னா? ஓரம் எப்படி இருக்கு?"

குனிஞ்சு பாத்தேன். தார் ரோட்டுல என் துப்பட்டா நுனில தொங்குற குஞ்சம் வரைக்கும் தனித்தனியா எண்ணலாம். கத்தரிச்சு ஒட்டின மாதிரி நெழல். "அப்படி இருந்தா 16. ஓரம் லேசா கரைஞ்சிருந்தா 11. நெழல் விழுதா இல்லையான்னு சந்தேகம் வந்தா 8. நெழலே இல்ல, ஆனா வெளிய நிக்கேன்னா 5.6." ஷட்டர் எவ்ளோ நேரம் திறந்திருக்கணும்ங்கிறதுக்கு ஃபிலிம் ஸ்பீடுதான் கணக்கு, 100 ஃபிலிம்னா 125-ல வை, அதாவது ஒரு செகண்ட்ல 125-ல ஒரு பங்கு, 400 ஃபிலிம்னா 500-ல வை. இவ்ளோதான் பாடம். சன்னி 16-ன்னு இதுக்குப் பேர், உலகத்துக்கே தெரிஞ்ச விஷயம்தான், முன்னெல்லாம் ஃபிலிம் டப்பாவுக்குள்ள வர்ற காகிதத்துலயே சூரியன் படம் மேகம் படம் போட்டு இந்தக் கணக்கு அச்சடிச்சிருப்பான். அண்ணாச்சியோட சொந்தச் சரக்கு ஒண்ணுதான்: "உச்சி வெயில்ல ஆளை எடுக்காத, நம்ம ஊருல மண்டைக்கு நேரா அடிக்கும், கண்ணுக்குழி ரெண்டும் கருவாடு ஆயிரும். எடுத்தே ஆகணும்னா 16-க்குப் பதிலா 11 வை, ஒரு வாய் கூடக் குடு."

அந்த 16, 11, 8, 5.6 எல்லாம் ஓட்டையோட அளவு, நம்பர் சின்னதாகச் சின்னதாக ஓட்டை பெருசாகும், ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் இரட்டிப்பு. ஷட்டர்லயும் 500, 250, 125, 60, 30-ன்னு அதே மாதிரி இரட்டிப்புப் படி. ஒரு படிக்கு ஒரு ஸ்டாப்னு பேரு. இந்த ரெண்டு வரிசையை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் பண்ணணும், வேற குறுக்கு வழி இல்ல. நான் பாத்திரம் கழுவும்போது சொல்லிப் பாப்பேன், எங்க அம்மா ஏதோ மந்திரம்னு நெனச்சுக்கிட்டு ஒரு நாள் தொந்தரவு பண்ணாமப் போயிட்டாங்க.

அதுக்கு அப்புறம் ஒரு மாசம் நான் கேமராவையே தொடல. வெளிச்சத்தை மட்டும் ஊகிச்சேன். ஃபோன்ல லைட் மீட்டர் ஆப் ஒண்ணு போட்டுக்கிட்டேன், முதல்ல மனசுக்குள்ள ஒரு விடை, அப்புறம் ஆப்பைத் திறந்து சரி பாக்குறது. பஸ் ஜன்னல்ல, டீக்கடை தகரத்துக்கு அடில, வேப்பமரத்தடில. வெளிய நிக்கும்போதெல்லாம் ஓரளவு பாஸ் மார்க் வாங்கிருவேன். வீட்டுக்குள்ளதான் தினமும் ஃபெயில், அதுவும் ஒரே பக்கமா ஃபெயில், உள்ள இருக்கிற வெளிச்சத்தை எப்பவும் மூணு நாலு ஸ்டாப் கூடுதலாவே நெனைக்கிறேன்.

ஏன்னு தெரிஞ்சுக்கிறதுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒரு வேலை பண்ணேன். எங்க ஆச்சி வீடு பழைய வீடு, ரயில் பெட்டி மாதிரி ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா நேரா போகும், தெரு, திண்ணை, தார்சாங்கிற முன்கூடம், பட்டாசல்ங்கிற பெரிய கூடம், கடைசியா அடுக்களை. தெருவுல வெயில்ல நின்னு அளந்தேன். திண்ணைல ஏறி நிழல்ல அளந்தேன், மூணு ஸ்டாப் போச்சு. தார்சால ரெண்டு. பட்டாசலுக்குள்ள நடுவுல போய் நின்னா இன்னும் மூணு. அடுக்களை வாசல்ல இன்னும் ரெண்டு. மொத்தம் பத்து. ஒரு ஸ்டாப்னா பாதி, பாதில பாதி, அதுல பாதின்னு பத்து தடவை, கணக்குப் போட்டுப் பாத்தா 1024-ல ஒரு பங்கு. முப்பது நாப்பது எட்டு நடந்திருப்பேன், அதுக்குள்ள ஆயிரத்துல ஒரு பங்காயிருச்சு வெளிச்சம், எனக்கு ஒண்ணுமே தெரியல, கொஞ்சம் மங்கலா இருக்கு அவ்ளோதான்னு என் கண்ணு சொல்லிச்சு. அந்த ஆயிரத்துல ஒரு பங்குல உக்காந்து ஆச்சி முருங்கைக்கீரை உருவிட்டு இருக்கா, பழுத்த இலையை மட்டும் பொறுக்கித் தனியா போடுறா.

ரொம்ப நேரம் அந்த அடுக்களை வாசல்லயே நின்னேன். முப்பத்தாறு வருஷமா இந்தக் கண்ணு என்கிட்ட ஒரு தகவலை மறைச்சிட்டே இருந்திருக்கு, நல்லதுக்குத்தான் மறைச்சிருக்கு, இல்லன்னா வாசப்படி தாண்டும்போதெல்லாம் குருடாகணும். ஃபோன் கேமராவும் கண்ணு மாதிரியே சொல்லாம கொள்ளாம சரி பண்ணிக்கிடுது. இந்தப் பெட்டி ஒண்ணுதான் எதையும் சரி பண்ணாது, நீ என்ன குடுக்கிறியோ அதான் அதுக்குச் சாப்பாடு.

சரி, ரெண்டாவது ரோல்ல இருந்து நானே கழுவுறதுன்னு முடிவு பண்ணேன், அந்த ஏழாவது படம் என் மனசுல இருந்து போகல. எங்க ஊர்ல ஃபிலிம் டெவலப் பண்றதைக் கழுவுறதுன்னுதான் சொல்வோம். அண்ணாச்சியோட டார்க் ரூம்ல இப்ப சாமி படத்துக்கு ஃப்ரேம் போடுற கட்டை அடுக்கியிருக்கு, பிரிண்ட் போடுற என்லார்ஜர் தலைல ஹெல்மெட் தொங்குது. ஒரு மூலைல ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் கம்பெனியோட 'இந்து' பேப்பர் பாக்கெட் ஒண்ணு, உறை மட்டும், உள்ள கரண்ட் பில்லு. அந்தக் காலத்துல மெட்டால், ஹைட்ரோகுயினோன், சல்ஃபைட், போராக்ஸ் எல்லாம் தனித்தனியா வாங்கி தராசுல நிறுத்துக் கலக்குவாராம். நான் சோம்பேறி, டி-76-ன்னு ரெடிமேட் டெவலப்பர் பொடியே ஆன்லைன்ல வாங்கிட்டேன். அந்த நாலு சரக்கும் சேந்ததுதான் அதுவும், 1920-கள்ல கோடாக் கண்டுபிடிச்ச கலவை, இன்னும் அதேதான் ஓடுது.

புஸ்தகக் கணக்கு என்னன்னா கரைசல் 20 டிகிரில இருக்கணும், ஏழரை நிமிஷம். 20 டிகிரி! சித்திரை மாசம் மொட்டமாடி டேங்க்ல இருந்து வர்ற தண்ணில சாதமே வடிச்சிரலாம் போல இருக்கு, 20-க்கு நான் எங்க போக. தெர்மாமீட்டர் வேணுமேன்னு வீட்டுல காய்ச்சலுக்கு வச்சிருந்ததை முக்கிப் பாத்தேன், அது இந்தக் குளிர்ச்சியெல்லாம் தன் கணக்குலயே சேக்காது, அதுக்குக் காய்ச்சல் வந்தாத்தான் பேச்சு. அப்புறம் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி, பெரிய பேசின்ல ஐஸ் கட்டியைப் போட்டு, அதுக்குள்ள பாட்டிலை நிறுத்தி 20 ஆகுற வரைக்கும் கலக்கிட்டே இருந்தேன். இறங்கினது 17-க்குப் போயிருச்சு, வெளிய எடுத்து வச்சா பத்து நிமிஷத்துல 23. குழந்தைக்குப் பால் ஆத்துற மாதிரி இதுக்கே ஒரு மணி நேரம்.

அதை விடக் கொடுமை இருட்டுல ஃபிலிமை ரீல்ல ஏத்துறது. பொட்டு வெளிச்சம் ஆகாது. ராத்திரி பாத்ரூம், கதவுக்கு அடில துண்டு, வென்டிலேட்டர்ல அட்டை, அதுக்கு மேல தெருவிளக்குக்குப் பயந்து போர்வை வேற போத்திக்கிட்டு உக்காந்தேன். பேப்பரை விரிச்சிட்டே போனா நடுவுல ஃபிலிமோட நுனி விரல்ல தட்டும், அதைப் பிரிச்சு, கடைசில ஒட்டியிருக்கிற டேப்பைக் கிழிச்சு, பிளாஸ்டிக் ரீலோட காடில ரெண்டு ஓரமும் சமமா சொருகி, ரெண்டு கையால முன்னயும் பின்னயும் ஆட்டி ஏத்தணும். ரீல் எலும்பு மாதிரி காஞ்சிருக்கணும், துளி ஈரம் இருந்தாலும் ஒட்டிக்கும். திருநெல்வேலில மே மாசத்துல போர்வைக்குள்ள உக்காந்திருக்கிறவளுக்கு விரல் நுனில ஈரம் இல்லாம எப்படி இருக்கும்? பாதில நின்னுருச்சு, இழுத்தா கிழியும், விட்டா சுருளும், நெத்தி வேர்வை மூக்கு நுனில வந்து நிக்குது, துடைக்கக் கை இல்ல. வெளிய அம்மா, "என்னட்டி, உயிரோட இருக்கியா?"ன்னு கேக்குறாங்க. இருபத்தஞ்சு நிமிஷம். அன்னைல இருந்து ராத்திரி கரண்ட் போனா வீட்ல எல்லாரும் திட்டும்போது நான் மட்டும் ரோலைத் தூக்கிட்டு ஓடுவேன், தெருவே டார்க் ரூமா கிடைக்குதுல்ல.

ரீலை வெளிச்சம் புகாத டப்பாக்குள்ள போட்டு மூடிட்டா மத்ததெல்லாம் ஈசி. டெவலப்பர் ஊத்தி நிமிஷத்துக்கு பத்து செகண்ட் தலைகீழாக் கவுத்து நிமித்தி, தண்ணி ஊத்திக் கொட்டி, அப்புறம் ஹைப்போ. ஹைப்போதான் வெளிச்சம் படாத வெள்ளி உப்பைக் கரைச்சு வெளிய தள்ளும், அதுக்கு அப்புறம் ஃபிலிமை வெளிச்சத்துல காட்டலாம். இந்தக் குணத்தைக் கண்டுபிடிச்சவர் ஜான் ஹெர்ஷல்னு ஒரு இங்கிலாந்து விஞ்ஞானி, 1819-ல, அப்ப போட்டோன்னு ஒரு விஷயமே கிடையாது, இருபது வருஷம் கழிச்சு 1839-ல போட்டோவைக் கறுக்காம நிறுத்த முடியாம எல்லாரும் தவிச்சப்போ என்கிட்ட ஒரு உப்பு இருக்கேன்னு எடுத்துக் குடுத்திருக்காரு. நெகட்டிவ், பாசிட்டிவ்ங்கிற பேரை போட்டோவுக்குக் கொண்டு வந்ததும் அவர்தான். காயப்போடுறப்போ ஆனி ஆடிக் காத்து கவனம், நான் ஒரு தடவை பின்கட்டுல துணிக் கொடில கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன், தெருவுல இருக்கிற மண்ணு பூரா வந்து ஒட்டிக்கிச்சு, அந்த ரோல்ல எல்லாருக்கும் அம்மை போட்டிருக்கு.

ஆச்சியை எடுத்தது நாலாவது ரோல்ல. எண்பத்தி மூணு வயசு. போட்டோ எடுத்தா ஆயுசு குறையும்னு சின்ன வயசுல இருந்து சொல்லிட்டு இருக்கிறவ, ஃபோன்ல எடுத்தா கோவிச்சுக்குவா, ஆனா இந்தப் பெட்டியைப் பாத்ததும் என்னமோ மரியாதை வந்திருச்சு, போய் முகம் கழுவி விபூதி பூசிட்டு வந்து தார்சால நாற்காலி போடச் சொன்னா. தார்சா வெளிச்சம் எனக்கு இப்பத் தெரியும், தெருவுல இருந்து அஞ்சு ஸ்டாப் கீழ, 400 ஃபிலிமுக்கு 5.6, 125. ஆனா ஆச்சி கட்டியிருக்கிறது வெள்ளைச் சேலை, முகம் நல்ல கறுப்பு. அண்ணாச்சி இதுக்கும் ஒண்ணு சொல்லியிருந்தாரு, "சேலைக்கு வைக்காத, மொகத்துக்கு வை. மீட்டர் வெள்ளையப் பாத்தா ஏமாந்துரும், நீயும் ஏமாறாத." அதனால ஒரு வாய் கூட, 60.

கால் அகட்டி நின்னு, கழுத்து வாரை இறுக்கமா இழுத்துப் பிடிச்சு, கேமரா மூடிக்குள்ள இருக்கிற பூதக்கண்ணாடியை நிமித்தி ஆச்சியோட கண்ணு இமை துல்லியமாகுற வரைக்கும் குமிழைத் திருகினேன். 'டிக்'. ஆச்சிக்குக் கேக்கவே இல்ல. விறைப்பா உக்காந்திருக்கா. கிர்ர்ர்... கிரிக். இன்னொண்ணு. "எடுத்துட்டியாளா?"ன்னு கேட்டா பாருங்க, கேக்கும்போதே மூணாவதைத் தட்டிட்டேன், அதுல வாய் 'ளா'வுல நிக்குது. "எடுத்துட்டேன் ஆச்சி." "சத்தமே வரல, வெளிச்சமும் அடிக்கல, சும்மா கதை விடுத." அவளுக்கு ஃப்ளாஷ் அடிச்சாத்தான் போட்டோ.

அன்னைக்கு ராத்திரியே கழுவினேன். காலைல காஞ்சதும் பாத்தா, கருவிழி, விபூதிக்கு இடைல நெத்திச் சுருக்கம், சேலைத் தலைப்போட நெசவு வரைக்கும் நெகட்டிவ்ல ஏறியிருக்கு, பட்டினி எங்கயும் கிடையாது. மூணையும் ஒரு துண்டா கத்தரிச்சு, ஒரு படத்துலயும் கத்தி படாம, அண்ணாச்சிகிட்ட கூடக் காட்டாம முதல்ல ஆச்சிகிட்டதான் கொண்டு போனேன். இன்னும் பிரிண்ட் போடல ஆச்சி, இது நெகட்டிவ், தலைகீழாத்தான் தெரியும்னு சொல்லிக் குடுத்தேன். இந்த 120 ஃபிலிம்ல அது ஒரு வசதி, ஒரு படம் தீப்பெட்டியை விடப் பெருசா இருக்கும், அவ கண்ணுக்கே தெரியும். தெருவாசல் பக்கம் திரும்பி, ஓரத்தைப் பிடின்னு சொன்னதைக் கேக்காம நடுவுல விரலை வச்சு, வெயிலுக்கு நேரா தூக்கிப் பாத்தா.

ரொம்ப நேரம் பாத்தா.

"ஏளா, முடியெல்லாம் கருகருன்னு இருக்கு."

"ஆமா ஆச்சி, அதுல வெள்ளை கறுப்பாத் தெரியும், கறுப்பு வெள்ளையாத் தெரியும், பிரிண்ட் போட்டா..."

"சேலையும் கலர்ச் சேலையாட்டம் இருக்கு." தாத்தா போய் இருபத்தாறு வருஷம் ஆச்சு.

"பிரிண்ட் போட்டா மாறிரும் ஆச்சி, நீ இருக்கிற மாதிரியே வரும்."

"மாத்தாண்டாம்"னா. "எனக்கு இது போதும்."

முந்தானைல துடைச்சா, எனக்கு நெஞ்சு பதறிச்சு, நெகட்டிவை யாராவது முந்தானைல துடைப்பாங்களா, அப்புறம் சுருக்குப்பைக்குள்ள வெத்தலையோட வைக்கப் போனா, நான் கையைப் பிடிச்சுத் தடுத்து, வெத்தலை ஈரம் ஆகாது ஆச்சின்னு சொல்லி பஞ்சாங்கத்துக்குள்ள வைக்க வச்சேன். அண்ணாச்சி ரெண்டு மூணு தடவை கேட்டுட்டாரு, என்னம்மா ஆச்சி படம் என்னாச்சு, கொண்டா பாப்போம்னு. பஞ்சாங்கத்துல இருக்கு அண்ணாச்சி, கேட்டா தரமாட்டேங்காங்கன்னு சொன்னேன். "எக்ஸ்போஷர் சரியா வந்துச்சா?"ன்னாரு. வந்துச்சுன்னு சொன்னேன்.